மட்டமா, வாட்டமா?

"சார், கார் ஷெட் தரை மட்டமாத்தான் இருக்கணும்னு என் வீட்டுக்காரர் ஒத்தக்கால்ல நிக்கறார். ஏன்னு நீங்க கண்டுபிடிச்சுத் தரணும்."

துப்பறிவாளர் பிசின் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். திருட்டு, மிரட்டல், காணாமல் போன மருமகன் என்று என்னென்னவோ அவர் மேஜைக்கு வந்திருக்கின்றன. தரை வந்தது இதுதான் முதல் தடவை.

எடுத்த வழக்கை விடாமல் ஒட்டிக்கொள்வதால்தான் தனக்குப் பிசின் என்று பெயர் வந்தது என்பார் அவர். போன வீட்டில் உட்கார்ந்தால் எழுந்திருக்கமாட்டார், அதனால் வந்தது என்பான் அவருடைய உதவியாளன் சோடா. சோடா முன்னாள் பஸ் கண்டக்டர். வாயைத் திறந்தால் பொங்கும். அவன் பெயருக்கு வேறு விளக்கம் தேவையில்லை.

எதிரே உட்கார்ந்திருந்த அம்மாள் டிரைவிங் ஸ்கூல் நடத்துபவர். ஊரில் பாதிப் பேருக்கு ஸ்டியரிங் பிடிக்கக் கற்றுக்கொடுத்தவர். எல்லோருக்கும் அவர் டீச்சரம்மா. பள்ளியின் பெயர்ப் பலகையிலேயே 'திட்டாமல் கற்றுத்தரப்படும்' என்று கொட்டை எழுத்தில் இருக்கும். அது வெறும் விளம்பரமும் இல்லை. மாணவன் காரைக் கொண்டுபோய் விளக்குக் கம்பத்தில் இடித்தாலும், "பரவாயில்லப்பா, கம்பம் அங்கயேதான் இருக்கும், நாமதான் கொஞ்சம் தள்ளிப் போகணும்" என்று மெல்லிய குரலில் சொல்லக்கூடியவர்.

"விவரமாச் சொல்லுங்க" என்றார் பிசின்.

"பழைய ஷெட் தரை மட்டம் சார். மழையில நனைஞ்சு வர்ற கார்லேர்ந்து சொட்டுற தண்ணி அப்படியே நின்னுடும். அதுல வழுக்கி விழுந்து என் இடுப்பு போச்சு. அதான் எல்லாத்தையும் இடிச்சுட்டு, உள்சுவத்துலேர்ந்து வாசல் பக்கமா வாட்டம் குடுத்துப் போடலாம்னு சொன்னேன். தண்ணி தானா வெளிய ஓடிடும். முதல்ல அவரும் நல்லாத் தலையாட்டினார். கம்பியெல்லாம் கட்டி முடிஞ்சப்புறம் வந்து குறுக்க நிக்கறார். மட்டமாத்தான் போடணுமாம்."

"காரணம்?"

"ஆளுக்கு ஒரு காரணம். என்கிட்ட, இனிமே மழையே பெய்யாதுன்னார். மேஸ்திரிகிட்ட, ஷெட்டுல டேபிள் டென்னிஸ் ஆடப்போறேன்னு சொல்லியிருக்கார். அவருக்குப் பந்து எந்தப் பக்கம் வரும்னே தெரியாது. எங்க அக்காகிட்ட, தியானம் பண்ணனும், சாய்வா உட்கார்ந்தா மனசு ஒரு பக்கமாப் போகுதுன்னாராம்."

"சாமியாரெல்லாம் மலைமேலதானேம்மா உட்கார்றாங்க" என்றான் சோடா.

"சும்மா இருய்யா. ஒரு காரணம் சொன்னா அது உண்மையா இருக்கலாம். மூணு சொன்னா, உண்மை நாலாவது" என்றார் பிசின்.

டீச்சரம்மா கைப்பையின் வாரை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். அடுத்துச் சொன்னதைச் சொல்வதற்காகத்தான் அவர் வந்திருந்தார் என்பது முகத்தில் தெரிந்தது.

"ஷெட்ட இடிச்சதுலேர்ந்து வீட்டுக் கார் தெருவுல நிக்குது. அத ஓட்டறது அவர்தான். டிரைவர் சீட்டுக்குப் பக்கத்து சீட்டு தினமும் காலையில முழுசா மல்லாந்து கிடக்குது சார். நான் நிமித்தி வைப்பேன். மறுநாள் பாத்தா மறுபடியும் மல்லாந்து கிடக்கும். அதுல யார் உட்கார்றாங்கன்னு எனக்குத் தெரியாது. நான் உட்காரல."

சோடா ஒரு புருவத்தைத் தூக்கிப் பிசினைப் பார்த்தான்.

"சாயங்காலம் காங்கிரீட் வண்டி வருது. தரை ஒருதரம் இறுகிட்டா அப்புறம் மாத்த முடியாது. மனசும் அப்படித்தான். வண்டி கொட்டறதுக்குள்ள எனக்கு உண்மை தெரியணும். இல்லைன்னா பெட்டிய எடுத்துக்கிட்டு அக்கா வீட்டுக்குப் போயிடுவேன், திரும்பி வரமாட்டேன். ஒரு தரைக்கே இத்தனை பொய் சொல்றவர் வேற எதுக்குத்தான் சொல்லமாட்டார்?"

இதையும் அவர் அதே மெல்லிய குரலில்தான் சொன்னார். கத்தியிருந்தால் பிசினுக்குக் கொஞ்சம் பயம் குறைந்திருக்கும்.

*

ஷெட்டில் மேஸ்திரி கவிழ்த்த பாண்டு சட்டியின்மேல் உட்கார்ந்து சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். சுவரில் இரண்டு நீலக் கோடுகள். ஒன்று மட்டமாகப் போயிற்று. இன்னொன்று வாசலை நோக்கி இறங்கிற்று.

"எனக்கு ரெண்டு பக்கமும் இடி சார்" என்றார் அவர். "அம்மா சொன்னாங்கன்னு வாட்டமா நூல் கட்டினேன். ஐயா வந்து அவுத்துட்டார். ஐயா சொன்னாருன்னு மட்டமாக் கட்டினேன். அம்மா வந்து, பரவாயில்லப்பான்னு சிரிச்சாங்க. அந்தச் சிரிப்பப் பாத்ததும் நானே அவுத்துட்டேன்."

"ரெண்டுக்கும் நடுவுல போட்டுடேன்" என்றான் சோடா.

"போடலாம். அப்புறம் ரெண்டு பேரும் சேர்ந்து என்னை அடிப்பாங்க. இப்ப தனித்தனியா அடிக்கறாங்க."

பிசின் அதற்குள் தெருவுக்குப் போயிருந்தார். மதில் ஓரமாக ஒரு சின்ன நீலக் கார் நின்றது. சோடா தன் தண்ணீர் பாட்டிலைத் தரையில் வைத்துவிட்டுக் கதவைத் திறந்தான். பாட்டில் சாய்ந்து, காரின் முன் சக்கரத்திலிருந்து பின் சக்கரம் வரை உருண்டு, தெருமுனையைப் பார்த்துக் கிளம்பிவிட்டது. சோடா அதைத் துரத்திக்கொண்டு ஓடினான்.

"தெரு சரிவா இருக்கு. காருக்கு மூஞ்சி மேல, முதுகு கீழ" என்று பிசின் தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

பக்கத்து சீட் மல்லாந்துதான் கிடந்தது. தலைமாட்டில் சுருட்டிய துண்டு ஒன்று. சீட்டுக்கு அடியில் உருட்டிய பஞ்சு, ஜோடி ஜோடியாக. காருக்குள் ஒரு நெடி வேறு.

மூச்சு வாங்கத் திரும்பி வந்த சோடா மூக்கை உள்ளே விட்டான். "பாஸ், கேஸ் முடிஞ்சுது. பஞ்சு, மூஞ்சிப் பூச்சக் கலைக்கிற பஞ்சு. ஒரு பொம்பளைதான்."

"நெடி?"

"வலித் தைலம்." சோடா யோசித்தான். "வயசான பொம்பளை. மூட்டு வலி இருக்கு. பாவம், இந்த வயசுல எதுக்கு இதெல்லாம்."

வாசலில் நின்ற டீச்சரம்மாவின் காதில் அது விழுந்தது. அவர் உள்ளே போனார். பெட்டி இழுபடும் சத்தம் கேட்டது.

"வாயை வெச்சுக்கிட்டுச் சும்மா இருக்கமாட்டியா?" என்று பல்லைக் கடித்தார் பிசின். "பஞ்சுல பூச்சும் இல்ல, மையும் இல்ல. மெழுகு மாதிரி மஞ்சளா ஒட்டியிருக்கு, பாரு. அது காதுல வெச்சு எடுத்த பஞ்சு. தைல நெடி எங்கே இருக்கு? தலைமாட்டுல இல்ல. கால் வைக்கிற இடத்துல இருக்கு."

"அப்ப அந்தப் பொம்பளைக்குக் காதும் கேக்காது, காலும் விளங்காதா?"

பிசின் நடையைக் கட்டினார்.

*

டீச்சரம்மாவின் கணவர் கடிகாரம் பழுதுபார்ப்பவர். கடைக்குள் நூறு கடிகாரம் நூறு விதமாகத் துடித்துக்கொண்டிருக்க, நடுவில் அவர் ஒரு கண்ணில் பூதக்கண்ணாடியோடு உட்கார்ந்தபடியே தூங்கிக்கொண்டிருந்தார். கையில் இடுக்கி, இடுக்கியில் ஒரு முள். இந்த நிலைமையில் அவர் பழுது பார்த்தால் கடிகாரம் பின்னால்தான் ஓடும்.

"சார்" என்றார் பிசின். அசைவில்லை.

சோடா மேஜைமேல் இருந்த அலாரங்களை ஒவ்வொன்றாக முடுக்கிவிட்டான். கடை கிடுகிடுத்தது. பக்கத்துக் கடைக்காரர் எட்டிப் பார்த்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டு போனார். கடிகாரக்காரர் மட்டும் குழந்தைபோல் தூங்கினார்.

அந்த நேரத்தில் வெளியே சைக்கிளில் இறக்கத்தில் வந்த ஒருவனைப் பார்த்து யாரோ, "யோவ், பிரேக்கப் பிடிய்யா" என்று சத்தம் போட்டார்கள்.

கடிகாரக்காரர் துள்ளி எழுந்தார். பூதக்கண்ணாடி ஒரு பக்கம், இடுக்கி ஒரு பக்கம் பறந்தன. எழுந்த வேகத்தில் இடது காலை மடக்கி வயிற்றோடு அணைத்துக்கொண்டார். ஒற்றைக்காலில் கொக்குபோல் நின்றுகொண்டு, எதிரே இரண்டு பேர் தன்னைப் பார்ப்பதைப் பார்த்தார்.

பிசினின் கண்கள் மின்னின. ஆனால் அவர் பேச்சில் ஒன்றும் காட்டிக்கொள்ளவில்லை. "உக்காருங்க சார். ஷெட் தரை விஷயமா வந்தோம். ஏன் மட்டமா வேணும்?"

"அது வந்து, பெண்டுலம். பெண்டுலக் கடிகாரம் வைக்கணும். சரிவா இருந்தா ஓடாது" என்றார் அவர், காலை மெதுவாக இறக்கியபடி.

"நாலாவது காரணமும் பொய்யாப் போச்சே பாஸ்" என்று முணுமுணுத்தான் சோடா.

"சார், உங்க வீட்டம்மா பெட்டி கட்டிட்டாங்க" என்றார் பிசின். "நீங்க வேற யாரையோ கார்ல கூட்டிட்டுப் போறீங்கன்னு நினைக்கறாங்க."

கடிகாரக்காரரின் முகம் வெளுத்தது. தூக்கம் போன இடம் தெரியவில்லை. "நானா? ஐயையோ. நானே ஒரு ஆளுக்கு ஈடு குடுக்க முடியாம கிடக்கேன்."

"அப்ப உண்மையைச் சொல்லிடுங்க."

"சொல்லமாட்டேன் சார். சொன்னா அவ மனசு உடைஞ்சுடும். பெட்டியத் தூக்கிட்டுப் போனாக்கூட, நான் பின்னாடியே போய்க் காலப் பிடிச்சுக் கூட்டிட்டு வந்துடுவேன். அந்த விஷயத்த மட்டும் என் வாயால சொல்லமாட்டேன்."

அவர் கடையைப் பூட்டிக்கொண்டு அவர்களோடு கிளம்பினார். வழியெல்லாம் இடது காலை இழுத்து இழுத்து நடந்தார்.

*

அவர்கள் வந்து சேர்ந்தபோது காங்கிரீட் வண்டி வாசலில் நின்று உருளையைச் சுழற்றிக்கொண்டிருந்தது. தெருவே அதிர்ந்தது. வண்டிக்காரர் ஸ்டியரிங்குக்குப் பின்னால் உட்கார்ந்து பொறுமை இழந்துகொண்டிருந்தார். மேஸ்திரி நூல்கயிற்றைக் கையில் வைத்துக்கொண்டு, எந்தக் கோட்டில் கட்டுவது என்று தெரியாமல் நின்றார். மதில் ஓர பெஞ்சில் டீச்சரம்மா பெட்டியோடு உட்கார்ந்திருந்தார். அழுத கண்.

"கலவை வண்டிக்குப் பின்னாடி நில்லுங்க. நான் கூப்பிடற வரைக்கும் மூச்சு விடாதீங்க" என்று கடிகாரக்காரரிடம் சொன்னார் பிசின். பிறகு சோடாவின் பக்கம் திரும்பினார். "நீ போய் டீச்சரம்மாவுக்கு வலது பக்கம் உக்காரு. நல்லா நெருங்கி உக்காரு."

"எதுக்கு பாஸ்?"

"ஆறுதலுக்கு."

சோடா உட்கார்ந்தான். பிசின் டீச்சரம்மாவிடம், "ராத்திரி தூங்கினீங்களாம்மா?" என்று கேட்டார்.

"தூங்காம என்ன சார்? படுத்தா பொணம் மாதிரிதான். ஆனா காலையில எழுந்தா, ராத்திரி பூரா வண்டி ஓட்டின மாதிரி அசதி."

"பத்து நிமிஷம் பொறுங்க. எல்லாம் தெரிஞ்சிடும்."

பத்து நிமிஷம் தேவைப்படவில்லை. என்ஜின் சத்தத்துக்கு நடுவிலேயே வாழ்ந்தவருக்கு அந்த உறுமல் தாலாட்டாகிவிட்டது. டீச்சரம்மாவின் தலை சரிந்தது. முதலில் உதட்டில் ஒரு புன்னகை. பிறகு புருவம் சுருங்கிற்று. வலது கால் மெதுவாக எதையோ தேட ஆரம்பித்தது.

"கிளட்ச்" என்றார் டீச்சரம்மா, கண்ணைத் திறக்காமல்.

சோடா திரும்பிப் பார்த்தான்.

"கிளட்ச விடாதேன்னு எத்தனை தடவைடா சொல்றது, மடையா. கண்ணு முதுகுலயா இருக்கு? உன்னைப் பெத்தாங்களா, செஞ்சாங்களா? எருமைகூட இதவிட ஒழுங்கா வளையும்டா. லாரி, லாரி வருது. பிரேக்."

கடைசி வார்த்தையோடு அந்தக் கால் பறந்து வந்து சோடாவின் இடது முழங்காலுக்குக் கீழே, எலும்பில், கணக்குத் தப்பாமல் இறங்கியது.

"அம்மா, நான் கண்டக்டரும்மா, டிரைவர் இல்ல" என்று அலறியபடி சோடா பெஞ்சை விட்டுத் தாவினான். அதே நேரத்தில் காங்கிரீட் வண்டியும் பிரேக் மிதிபட்டு ஒரு குலுங்கு குலுங்கியது. வண்டிக்காரரும் டீச்சரம்மாவின் பழைய மாணவர்தான். நின்றிருந்த வண்டியில் எதற்குப் பிரேக் போட்டோம் என்று அவருக்கே தெரியவில்லை.

டீச்சரம்மா கண் விழித்தார். "என்ன ஆச்சு? யார் கத்தினது?"

"நீங்கதான்மா" என்றார் பிசின். வண்டிக்குப் பின்னாலிருந்து கடிகாரக்காரரை வரவழைத்தார். "சார், பேன்ட்ட தூக்குங்க. சோடா, நீயும் தூக்கு."

இரண்டு இடது கால்கள் பக்கத்தில் பக்கத்தில் நின்றன. சோடாவின் காலில் ஒரு சிவப்பு. அதே இடத்தில் கடிகாரக்காரரின் காலில் சிவப்பு, நீலம், கறுப்பு, பழுத்த மஞ்சள் என்று அத்தனையும் அடுக்கடுக்காக இருந்தன.

"டீச்சரம்மா, பாடம் சொல்லிக்குடுக்கற கார்ல நீங்க எந்தப் பக்கம் உக்காருவீங்க?"

"இடது பக்கம். எனக்குன்னு கீழ ஒரு பிரேக் இருக்கும்."

"கட்டில்ல?"

டீச்சரம்மா பெஞ்சில் தன் வலது பக்கத்தைத் திரும்பிப் பார்த்தார்.

"கட்டில்லயும் நீங்க இடது பக்கம். வலது பக்கம் இவர், மாணவன் உக்கார்ற இடத்துல" என்றார் பிசின். "பகல் பூரா ஒருத்தரையும் திட்டாம விழுங்கறீங்க. விழுங்கினது எங்க போகும்? ராத்திரி வெளிய வருது. திட்டு இவர் காதுக்கு, பிரேக் இவர் காலுக்கு. முதல்ல காதுல பஞ்சு வெச்சுப் பாத்தார், முடியல. நீங்க அசந்ததும் எழுந்து போய்க் கார்ல படுத்தார். நீங்க எழுந்திருக்கறதுக்குள்ள வந்துட்டார். மல்லாந்த சீட்டுல படுத்தது இவர்தான். தைலமும் இவரோடதுதான்."

"ஹால்ல படுக்கலாமே சார்" என்றார் மேஸ்திரி. அவருக்கும் கதையில் ஈடுபாடு வந்துவிட்டது.

"ஹால் வரைக்கும் கேக்குது மேஸ்திரி" என்றார் கடிகாரக்காரர் தயங்கித் தயங்கி. "கார் கண்ணாடிய இடுக்கு வெக்காம மூடினாத்தான் கொஞ்சம் அடங்குது. பழைய ஷெட்டுல நிம்மதியாத் தூங்கினேன். தெருவுல நிறுத்தினதும்தான் கஷ்டம் புரிஞ்சது. சரிவுல சீட்ட சாய்ச்சாத் தலை கீழ, கால் மேல. காலையில மண்டை ரெண்டாப் பிளக்குது. புதுத் தரையும் அதே மாதிரி வாட்டமா வந்துட்டா, நான் வேற எங்கதான் போய்ப் படுக்கறது?"

"இதுக்கா டேபிள் டென்னிஸ்?" என்றான் சோடா.

டீச்சரம்மா தன் கணவரின் காலையே பார்த்துக்கொண்டிருந்தார். குனிந்து அந்த மஞ்சளை விரலால் தொட்டார்.

"ஏங்க, ஏன் சொல்லல?"

"எப்படிச் சொல்வேன்? திட்டாத டீச்சர்னு ஊரே உன்னைக் கொண்டாடுது. உனக்கும் அதுல எவ்வளவு பெருமைன்னு எனக்குத் தெரியும். ராத்திரி பூரா நீ எருமை மாடுன்னு திட்டறேன்னு சொன்னா, மறுநாள் நீ எப்படித் தலைநிமிர்ந்து பலகைக்குக் கீழ நிப்பே? கால்தானே, ஆறிடும்னு விட்டுட்டேன்."

டீச்சரம்மா அழுதுவிட்டார். சந்தேகப்பட்ட வெட்கம், அடித்த குற்ற உணர்ச்சி, இப்படி ஒரு மனுஷனா என்ற சந்தோஷம், மூன்றும் சேர்ந்து வந்த அழுகை அது. சோடாவும் மூக்கை உறிஞ்சினான், கால் வலியால் என்று பிறகு சொல்லிக்கொண்டான்.

"அம்மா, உள்ள இறுகிட்டிருக்கு. மட்டமா, வாட்டமா?" என்று ஜன்னலிலிருந்து கேட்டார் வண்டிக்காரர்.

"மட்டமாவே போடுங்க. தண்ணி நின்னா நிக்கட்டும், நான் தொடைச்சுக்கறேன்" என்றார் டீச்சரம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு.

"வேணாம், வேணாம், மறுபடியும் நீ விழுந்துடுவே. வாட்டமாவே போடுங்க" என்றார் கணவர்.

இதுவரை ஒன்றைக் கேட்டு சண்டை போட்டவர்கள், இப்போது மற்றதைக் கேட்டு சண்டை போட ஆரம்பித்தார்கள். மேஸ்திரி மறுபடியும் பாண்டின்மேல் உட்கார்ந்துவிட்டார்.

"ஒரு நிமிஷம்" என்றார் பிசின். "வாட்டமாவே போடட்டும். சார், நீங்க கார ஷெட்டுக்குள்ள ரிவர்ஸ்ல விடுங்க. மூஞ்சி வாசல் பக்கம், முதுகு உள்பக்கம். அப்ப சீட்ட சாய்ச்சாத் தலை மேல, கால் கீழ. தலகாணி கூட வேணாம். தண்ணியும் ஓடிடும்."

எல்லோரும் அவரை வியப்போடு பார்த்தார்கள். கடிகாரக்காரர் மட்டும் தலையைக் குனிந்துகொண்டார்.

"எனக்கு ரிவர்ஸ் வராது."

"என்னது?" என்றார் டீச்சரம்மா. "நான்தானே உங்களுக்குக் கத்துக்குடுத்தேன்?"

"நீதான். ரிவர்ஸ்ல நான் குப்பைத் தொட்டிய இடிச்சேன். பரவாயில்லங்க, நேராப் போனாப் போதும்னு சொல்லி விட்டுட்டே. அன்னிக்கு நாலு திட்டு திட்டியிருந்தா வந்திருக்கும்."

டீச்சரம்மா பெட்டியைத் தள்ளி வைத்துவிட்டு எழுந்தார். "எடுங்க வண்டிய."

மேஸ்திரி வாட்டக் கோட்டில் நூலைக் கட்டினார். கலவை சரிந்து இறங்க ஆரம்பித்தது. தெருவில் நீலக் கார் பின்னோக்கி ஊர்ந்தது. டீச்சரம்மா ஜன்னலோரமாக நடந்துகொண்டே, "மெதுவா, மெதுவா. பரவாயில்லங்க" என்றார். கார் நேராகக் காங்கிரீட் வண்டியை நோக்கிப் போயிற்று. டீச்சரம்மா வாயைத் திறந்தார், மூடினார். கழுத்து நரம்பு புடைத்தது.

"விட்டுடுங்கம்மா. உள்ள வெச்சிருந்தா ராத்திரிக்குத்தான் ஆபத்து" என்றான் சோடா, காலைத் தடவியபடி.

"கண்ணு எங்க இருக்கு மனுஷா" என்று டீச்சரம்மாவின் குரல் தெருவை இரண்டாகப் பிளந்தது. "கண்ணாடியப் பாருங்க. கண்ணாடின்னா மூஞ்சி பாக்கறதுக்கா வெச்சிருக்கு? ஸ்டியரிங்க ஒடிங்க. அந்தப் பக்கம் இல்ல, இந்தப் பக்கம். கடிகார முள்ளு திருப்பற மாதிரியா திருப்பறது? பிரேக்."

கார் நின்றது. கலவை வண்டிக்கு ஒரு முழம் தள்ளி, நூல் பிடித்ததுபோல் நேராக நின்றது. ஜன்னல்களில் தலைகள் முளைத்தன. டீச்சரம்மா இடுப்பில் கை வைத்து மூச்சு வாங்கினார். அவர் முகம், பெரிய மூட்டையை இறக்கி வைத்தவரின் முகம்போல் இருந்தது.

"மறுபடியும்" என்றார்.

மறுபடியும் கார் ஊர்ந்தது. மறுபடியும் திட்டு. மாடு, மடையன், மரமண்டை என்று பல வருஷத்துச் சேமிப்பு தெருவில் கொட்டியது. டீச்சரம்மாவுக்கே நடுவில் சிரிப்பு வந்துவிட்டது.

"பாஸ், இத்தனை திட்டு வாங்கிக்கிட்டு அந்த ஆளு சிரிக்கறாரு பாருங்க" என்றான் சோடா.

கடிகாரக்காரர் காரை நிறுத்தி ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினார். முகமெல்லாம் சிரிப்பு.

"மேஸ்திரி, வாட்டத்த எவ்வளவு வேணும்னாலும் குடுங்க. இன்னிக்கு ராத்திரி நான் கட்டில்லதான் படுக்கப்போறேன்."